சொல் நோட்டில் ஐந்தாவது கட்டம்

போன மாதம், நான் வேலை பார்த்த பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் ஆசிரியை என்னைப் பார்க்க வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாளாம். பிள்ளைகள் எல்லாரும் கடையில் விற்கிற நோட்ஸைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வருகிறார்கள், நாற்பது நோட்டிலும் ஒரே பதில், திருத்த உட்கார்ந்தால் கொட்டாவி வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். “உங்க காலத்துல நோட்ஸே கிடையாதே டீச்சர், பிள்ளைங்க யார்கிட்ட கேட்டு எழுதினாங்க?” என்று கேட்டாள்.

அன்று அவளுக்குச் சொன்னது பாதிதான். மீதிப் பாதியில் என் தப்பு இருக்கிறது. ஓய்வு பெற்று இவ்வளவு காலம் ஆன பிறகு அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? முழுக்கவே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருமழிசை. எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த முதல் பெண் நான். பட்டணத்தில் இரண்டு வருஷம் டிரெயினிங் முடித்து, பூந்தமல்லியில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வெள்ளைக்கார சோல்ஜர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாகப் போகும்.

தலைமையாசிரியையின் பெயர் எஸ்தர் அம்மா. மெலிந்த உடம்பு, வெள்ளைப் புடவை, தோளில் ஊக்கால் குத்திய சிறிய கடிகாரம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள, கோபம் பெரிது என்று அர்த்தம்.

இங்கிலீஷ் பாடத்துக்கு அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சொல் நோட்டு. பக்கத்தை நான்கு கட்டமாகக் கோடு போட வேண்டும். முதல் கட்டத்தில் சொல், இரண்டாவதில் உச்சரிப்பு, மூன்றாவதில் பொருள், நான்காவதில் அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். திங்கட்கிழமை பத்துச் சொல் கொடுப்போம். வியாழக்கிழமை நோட்டு வந்துவிட வேண்டும். நான் சிவப்பு மையில் திருத்துவேன். அதன் பிறகு அத்தனை நோட்டும் எஸ்தர் அம்மாவின் மேசைக்குப் போகும். அவர் பச்சைப் பென்சிலால் என் திருத்தத்தைத் திருத்துவார். பிள்ளைகளுக்கு அது தெரியும். நோட்டு கைக்கு வந்ததும் முதலில் பச்சை எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார்கள்.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு அகராதி. அது எஸ்தர் அம்மாவின் அலமாரியில் இருக்கும். வெளியே எடுத்துப் போக முடியாது. அங்கேயே நின்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நான் வாரா வாரம் பத்துச் சொல்லுக்கும் பொருள் எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் சொல்வேன். பாதிக்கு மேல் எனக்கே அன்றுதான் தெரியும். இங்கிலீஷ் எனக்கு எழுத்தில் வரும், பேச வராது. ஒரு வெள்ளைக்காரியோடு நான் ஒரு வாக்கியம் பேசியது கிடையாது.

அந்த வருஷம் நான்காம் ஃபாரத்தின், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பின், பாடப் புத்தகத்தில் ஒரு பாடல் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு வீடு, கடுங்குளிர் காலம். அடுப்பில் கெட்டில் பாடுகிறது, ஜன்னலில் ஃப்ராஸ்ட் படர்கிறது, குழந்தை நர்சரியில் தூங்குகிறது. இவ்வளவுதான் பாட்டு. நான் வழக்கம்போல அகராதியில் பார்த்தேன். அவசரம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நர்சரிக்கு எதிரே முதலில் கண்ணில் பட்ட பொருளை எழுதிக்கொண்டேன்: நாற்றங்கால்.

மறுநாள் வகுப்பில், குழந்தை நாற்றங்காலில் தூங்குகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். முன் பெஞ்சில் ஒருத்தி, “நாத்தங்கால்ல தண்ணி நிக்குமே டீச்சர்?” என்றாள்.

“கவிதையில அப்படித்தான் வரும். எழுது” என்றேன்.

முப்பத்தெட்டுப் பெண்களும் எழுதினார்கள். வியாழக்கிழமை வந்த நோட்டுகளில் முப்பத்தேழில் குழந்தை நாற்றங்காலில்தான் தூங்கியது. நூம்பலிலிருந்து நடந்து வரும் பச்சையம்மாளின் நோட்டில் மட்டும் வேறு விதமாக இருந்தது. “பெரிய வீட்டில் குழந்தைகள் தூங்கும் தனி அறை. ஆயாவும் அங்கேதான் தூங்குவாள், தரையில்.” ஃப்ராஸ்டுக்கு எல்லாரும் நான் சொன்ன ‘உறைபனி’யை எழுதியிருக்க, இவள், “விடிகாலையில் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிவது. நகத்தால் கீறினால் கோடு விழும். விரல் மரத்துப் போகும்” என்று எழுதியிருந்தாள்.

நான் இரண்டையும் அடித்தேன். ‘சொல்லிக்கொடுத்ததை எழுது’ என்று பக்கத்தில் சிவப்பில் குறித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எஸ்தர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அந்த நோட்டு மேசையில் திறந்திருந்தது. என் சிவப்புக் கோடுகள் மேல் பச்சைக் கோடுகள்.

“சரோஜா, இந்தப் பொண்ணு எழுதினது சரி. நீங்க அடிச்சதுதான் தப்பு. மத்த முப்பத்தேழு பேரும் குழந்தையைச் சேத்துல படுக்க வெச்சிருக்காங்க.”

அதோடு அதை விட்டுவிட்டு, ஃப்ராஸ்டைக் காட்டினார். “இது புத்தகத்துல படிச்சது இல்ல. பார்த்தவங்க யாரோ சொல்லியிருக்காங்க. யார்னு கேளுங்க. தனியா கூப்பிட்டுக் கேளுங்க.”

தனியாக என்று அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. ஆனாலும் எனக்கு அவமானம் பொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மணியே வகுப்புக்குப் போய் எல்லார் முன்னாலும் பச்சையம்மாளை எழுப்பி நிற்க வைத்தேன்.

“இதை உனக்கு யார் சொன்னா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வீட்ல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“பின்னே யார்?”

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது: “லாரில போற சோல்ஜர் சொல்லிக் குடுத்திருப்பான்.”

வகுப்பு சிரித்தது. நான் அதட்டினேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு பள்ளியைத் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை பச்சையம்மாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அவளை நிறுத்திவிட்டார்கள், மாமன் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாள். பதினான்கு வயதுப் பெண்.

சனிக்கிழமை காலை நூம்பலுக்கு நடந்தேன். நாற்றுப் பறித்து நடுகிற சமயம். ஊருக்கு முன்னாலேயே கழனியில் பெண்கள் குனிந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று, ஏகாம்பரம் வீடு எது என்று கேட்டேன். ஏகாம்பரம் பச்சையம்மாளின் அப்பா.

ஒருத்தி நிமிர்ந்தாள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். முழங்கால் வரை சேறு, கையில் பறித்துக் கட்டிய நாற்று முடி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதான் அந்த டீச்சரம்மாவா? கொயந்தைய நாத்தங்கால்ல போட்டு தூங்க வெச்சவங்க?”

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவள் சேற்றை மிதித்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“நாந்தாம்மா சொன்னேன். அந்தப் பொண்ணு இந்த வரப்பு மேல குந்திகினு, நர்சரின்னா நாத்தங்கால், நர்சரின்னா நாத்தங்கால்னு மனப்பாடம் பண்ணிகினு இருந்துச்சு. நான் இங்க நாத்தங்கால்ல நின்னு நாத்து புடுங்கிகினு கீறேன். சிரிப்பு வராதா? இன்னாடி இது, கொயந்த சேறாயிடாதான்னேன். அப்பறம் நர்சரின்னா இன்னான்னு சொன்னேன். அவ்ளோதான். சோல்ஜரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

அவள் பெயர் அஞ்சலை. ஊருக்கு வெளியே, கழனி வேலை செய்கிறவர்கள் இருந்த பகுதியில் அவள் குடிசை. கலியாணமாகி ஒரு வருஷத்திலேயே புருஷன் செத்துப்போக, பரங்கிமலையில் ஒரு துரை வீட்டில் ஆயாவாகச் சேர்ந்திருக்கிறாள். துரையின் இரண்டு குழந்தைகளையும் ஆறு வருஷம் வளர்த்திருக்கிறாள். அவர்கள் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இவளையும் கூட்டிப் போனார்கள்.

“போனதும் திருப்பி அனுப்பிடுவாங்களா?” என்று கேட்டேன்.

“அனுப்பறேன்னுதான் சொன்னாங்க. அங்க எறங்கினதும் தொரசாணி, இனிமே உன் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா. எங்கள மாதிரி ஆயாங்கள்லாம் தங்கற ஊடு ஒண்ணு இருந்துச்சு, அங்க உட்டாங்க. இங்க வர்ற குடும்பம் எதாச்சும் வேலைக்குக் கூப்ட்டாதான் கப்பல் ஏற முடியும். ஒரு குளிர் காலம் பூரா அங்கியே கெடந்தேன். காலையில எழுந்தா கண்ணாடி வெள்ளையா கீது. எனக்குப் பேரு எழுத வராதே. நகத்தால கோலம் போடுவேன். வெயில் வந்தா அழிஞ்சிரும். மறுநாள் வேற கோலம்.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. நடவு எப்போது முடியும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பச்சையம்மாளின் நோட்டில் நான் சிவப்பு மையால் அடித்த வரி அதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் வரப்பில் உட்கார்ந்தேன். என் பையில் அடுத்த வாரத்துக்கான சொற்கள் இருந்தன. எடுத்தேன்.

“டி, எச், ஏ, டபிள்யூ – ‘தா’ன்னு ஒரு சொல் இருக்கு. பனி உருகறதுன்னு போட்டிருக்கு. அது எப்படி இருக்கும்?”

அவள் என்னையே பார்த்தாள். “நீங்க என்கிட்ட கேக்கறீங்களா?”

“வேற யார்கிட்ட கேட்கறது? எனக்குத் தெரியலையே.”

சிரித்துவிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: கூரை விளிம்பிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுமாம், தெருவெல்லாம் கறுப்புச் சேறாகுமாம், அதைக் கண்டால் அங்கே எல்லாருக்கும் சந்தோஷமாம். உச்சரிப்பையும் திருத்தினாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். நான் ஏழெட்டுத் தரம் சொன்ன பிறகுதான் தலையசைத்தாள்.

கடைசியில் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தப் பெண் ஏன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எப்படிச் சொல்லும்? எங்க பக்கம் வந்து பேசறது தெரிஞ்சா அவங்கப்பன் உடுவாரா? பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாருன்னு பயம் அதுக்கு.” நாற்று முடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். “போய்ச் சொல்லிடுங்க டீச்சரம்மா. என் பேரச் சொன்னா அந்த ஆளு கத்துவாரு. சோல்ஜர் பேச்சே நெலைச்சிடுச்சுன்னா பொண்ண வெட்டுவாரு. கத்தட்டும், பரவால்ல.”

ஏகாம்பரம் வீட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள். பச்சையம்மாள் உள்ளே கதவோரம் நிற்பது தெரிந்தது. நான் எதையும் பூசி மெழுகவில்லை. நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், உங்கள் பெண் சரியாக எழுதினாள், அதைக் கேட்கக் கூடாத இடத்தில் வைத்துக் கேட்டேன், சொல்லிக்கொடுத்தது அஞ்சலை என்றேன்.

அம்மாதான் முதலில் பேசினாள். “யாரு, நம்ம கழனில நடவு நடற அஞ்சலையா? அவ கப்பல் ஏறிப் போய்ட்டு வந்தவன்னு தெரியும். இங்கிலீசு கூடப் பேசுவாளா?” என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாக அடைத்திருந்தது விட்ட சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. “சரி, திங்கக்கெயமையிலருந்து வரட்டும்” என்றார். நான் எழுந்தேன். “ஆனா டீச்சரம்மா, எங்க கழனில வேலை செய்றவகிட்ட எம் பொண்ணு பாடம் கேக்குதுன்னு ஊர்ல பேச்சு வரக்கூடாது. கேக்கறதுன்னா கேக்கட்டும். அவ பேரு வெளிய வரக்கூடாது.”

நான் சம்மதித்துவிட்டு வந்தேன். எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றியது.

எஸ்தர் அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. திங்கட்கிழமை நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “வகுப்புல கேட்டீங்க. வகுப்புலயே சொல்லிடுங்க” என்றார்.

சொன்னேன். நர்சரிக்கு நான் சொன்ன பொருள் தப்பு, பச்சையம்மாள் எழுதியதுதான் சரி, இங்கிலாந்துக்குப் போய் வந்த ஓர் அம்மாள் அவளுக்குச் சொல்லியிருக்கிறார், நான் பச்சையம்மாளை நிற்க வைத்துக் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று நாற்காலியில் உட்காராமல் நின்றபடி சொன்னேன். பின்பெஞ்சில் சோல்ஜர் என்று சொன்னவள் அன்றைக்கே பச்சையம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் எஸ்தர் அம்மா ஒரு புது நோட்டையும் அடிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான்கு கட்டத்துக்கு அப்புறம் இன்னொரு கோடு இழுத்தார். மேலே எழுதினார்: ‘யாரிடம் கேட்டேன்.’

“தெரிஞ்சவங்க யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். கேட்டவங்க பேரைப் போடணும். பேர் இல்லாத பதிலுக்கு மார்க் இல்ல. வாரா வாரம் வீட்டுல பெரியவங்க கையெழுத்து வாங்கிட்டு வரணும்.”

“ஏகாம்பரம் ஒத்துக்க மாட்டாரும்மா.”

“ஒருத்தர் குளிர்ல கிடந்து கத்துக்கிட்டதை நாம இங்கே பேர் சொல்லாம எடுத்துக்கறோம், சரோஜா. எனக்கு அது இஷ்டமில்ல.”

அந்த ஐந்தாவது கட்டம் எங்கள் வகுப்பையே மாற்றிவிட்டது. பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், போஸ்ட்மேன், மாங்காட்டுக் கோயிலுக்கு வந்த யாரோ ஒரு வக்கீல், அச்சாபீசில் வேலை பார்க்கும் சித்தப்பா என்று கட்டத்தில் பெயர்கள் வந்தன. ஒருத்தி நங்கூரத்தைக் குறிக்கும் ‘ஆங்கர்’ என்ற சொல்லுக்கு, ராயபுரத்தில் துறைமுக வேலை பார்க்கும் மாமாவுக்குக் கார்டு எழுதிப் போட்டு, பதில் வரக் காத்திருந்து, ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொடுத்தாள். நானும் விலக்கில்லை. என் பாடக் குறிப்பில் நானே ஐந்தாவது கட்டம் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் நூம்பலுக்கு நடந்து போய் அஞ்சலை அம்மாளிடம் பேசிப் பேசித்தான் எனக்கு இங்கிலீஷ் வாயில் வந்தது. பின்னாளில் எஸ்தர் அம்மா அழைத்ததால், அஞ்சலை அம்மாள் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கே வந்து பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். நான் முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தினேன். எனக்கு வகுப்பெடுத்தவர்களில் அவரைப் போல என்னைத் திருத்தியவர் வேறு யாரும் இல்லை.

பச்சையம்மாள்தான் திண்டாடினாள். முதல் வாரம் ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விட்டாள். மார்க் கிடைக்கவில்லை. இரண்டாம் வாரம் ‘அஞ்சலை’ என்று எழுதினாள். எஸ்தர் அம்மா பக்கத்தில் ‘அம்மாள்’ என்று சேர்த்தார். மூன்றாம் வாரம் அவளே முழுதாக எழுதினாள். ஆனால் மூன்று வாரமும் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பெருவிரல் ரேகைதான் இருந்தது. அப்பாவிடம் நோட்டைக் காட்டவே இல்லையாம்.

நான்காம் வாரம் உழவைப் பற்றி ஓர் உரைநடைப் பாடம். மூன்றாவது சொல், ஃபர்ரோ. வியாழக்கிழமை காலை பச்சையம்மாள் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து நோட்டை என்னிடம் நீட்டினாள். மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்கிறாள்.

“டீச்சர், நேத்து அப்பா நோட்டைப் பாத்துட்டாரு.”

“என்ன சொன்னார்?”

அவள் நடந்ததை நடித்தே காட்டிவிட்டாள். ஏகாம்பரம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் அஞ்சலை அம்மாள், அஞ்சலை அம்மாள். “எல்லாத்துக்கும் அவ பேருதானா? அந்த புக்குல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு கூடவா இல்ல?” என்று கேட்டிருக்கிறார். ஃபர்ரோ மட்டும் அஞ்சலை அம்மாளுக்கும் தெரியவில்லை என்று இவள் சொன்னதும், பாடத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதில் படம் இருந்தது: இரண்டு குதிரை பூட்டிய ஏர், அதன் பின்னால் ஓர் ஆள், நிலத்தில் நீளமாகக் கோடு.

“இன்னாடி இது, மாடு இல்லாம குதிரைய கட்டி ஓட்றான்! இந்தக் கோட்டத்தான கேக்கறாங்க? இது சால்டி. எழுதிக்கோ. கொழு கீறிகினு போற தடம். மொத சால் நேரா போவணும், அது கோணிச்சுன்னா கழனி பூரா கோணிக்கும். எழுதினியா? இப்ப என் பேரப் போடு. அவ பேருக்கு மேல போடு.”

“மேல போட முடியாதுப்பா. அது மொதச் சொல்லு. உங்கது மூணாவது.”

ஏகாம்பரம் மேலிருந்து வரிகளை விரலால் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

“சரி, கீயவே போடு.”

நோட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது கட்டத்தில் முதல் இரண்டு வரியில் அஞ்சலை அம்மாள், நூம்பல். அதற்குக் கீழே ஏகாம்பரம், நூம்பல். பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து, காகிதம் மறுபுறம் புடைக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியது.